எந்தக் கருப்பு?

பிப்ரவரி 2

கடுகுக்கு அப்பா எழுதுவது.

“இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க” என்றுதான் நீ சொன்னாய். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் என்றாலும் சட்டத்தில் சந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் உன் அப்பன் பெரிய வக்கீல். என் எண்ணை நீ தடுத்து வைத்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. தினமும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். ஒரு பெண்குரல், உன்னைவிட மரியாதையாக, முடியாது என்கிறது.

நீ வந்திருந்தபோது அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தது தப்பில்லை. நான் ஒளித்து வைத்ததுதான் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது? அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று டாக்டர் எனக்கே படம் போட்டுக் காட்டியபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலவரம் இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி. ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனை அது நிறுத்திவிடும். புற்றுக்கு அதுதான் தீனியாம். தீனி நின்றால் சுருண்டு படுத்துக்கொள்ளுமாம். படுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் ஊசி சும்மா வேலை செய்வதில்லை. திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் அடுப்பு மூட்டின மாதிரி சூடு ஏறுகிறது. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். உன் அம்மா ஐம்பது வயதில் விசிறியைத் தேடி ஓடியபோது நான் கேலி செய்தேன். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்துப் பழிவாங்குகிறாள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் இறங்குகிறது. பதினான்கு இருந்தது இப்போது பதினொன்று. அதோடு ஒரு தலைவலி, நெற்றிக்குள் யாரோ ஆணி அடிக்க இடம் தேடுகிற மாதிரி.

இவ்வளவுதான். இதற்குப் போய் “கிரேனை விட்டு இறங்குங்க” என்றால் எப்படி? இருபத்தாறு வருஷம் மேலேயே உட்கார்ந்தவன். தரையில் நான் யார்? ரேஷன் பையோடு வரிசையில் நிற்கிற ஒரு கிழவன். மேலே நான் மணிக்கட்டை அசைத்தால் மூன்று டன் நகரும். இந்தக் கட்டடம் முடிய இன்னும் எட்டு மாதம். முடித்துவிட்டு நானே இறங்குவேன். அதுவரை சைட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அப்பா

பிப்ரவரி 9

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு தடவை சிரித்துவிட்டேன். அதுதான் எனக்குக் கோபம். எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைத்துவிட்டு அந்த நேரத்தில் நழுவிப் போவது உங்கள் வழக்கம். அம்மாவிடமும் அப்படித்தான் நழுவினீர்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் ஒத்துப் பார்க்கிறவள். ஒருவர் உடைந்த ஓட்டுச் சில்லைக் கொண்டுவந்து “இதே நிறம் வேணும்” என்பார். கிட்டத்தட்ட இதே நிறம் என்று கொடுத்தால் மறுநாள் வாளியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. உங்கள் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது.

மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பதினொன்றில் ஏணி ஏறினால் வாங்கும். எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? தலைவலிக்கு என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, யார் எழுதிக் கொடுத்தது? மேலே தண்ணீர் குடிக்கிறீர்களா? மயக்கம் வந்திருக்கிறதா? மாத்திரை, தண்ணீர், மயக்கம். மூன்றுக்கும் நேராகப் பதில் வேண்டும்.

உங்களுக்கு எட்டு மாதம் வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கொக்கிக்குக் கீழே நடக்கிற ஆட்களிடம் அதைக் கேட்டீர்களா?

நீங்கள் இறங்கும்வரை போன் தடைதான். உங்கள் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். எனக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மகள்

பிப்ரவரி 20

கடுகுக்கு,

உன்னை நிறம் பார்க்க வைத்தது அந்த ஆலையின் நஷ்டம். போலீஸில் சேர்ந்திருந்தால் ஊரில் ஒரு திருடன் மிஞ்சமாட்டான்.

சரி, வாக்குமூலம். ஏணியில் பத்துத் தட்டு. முன்பெல்லாம் ஐந்தாவது தட்டில் ஒரு தடவை நிற்பேன். இப்போது பத்திலும் நின்று இயற்கைக் காட்சியை ரசிக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது சிமென்ட் மூட்டையும் ஒரு நாயும்தான். தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அரை மணிக்கு ஒரு தடவை போகச் சொல்கிறது என் சுரப்பி. அறுபது மீட்டர் உயரத்தில் எங்கே போவது? பாட்டில் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கேபினில் ஒரு மனிதனின் மானம் நாலு பக்கமும் தெரிகிறது. அதனால் காலையிலும் ஒன்றும் சாப்பிடாமல்தான் ஏறுகிறேன். இறங்கிய பிறகு ஒரேயடியாகச் சாப்பிடுகிறேன்.

தலைவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. சைட் வாசலில் இருக்கிற மருந்துக் கடைக்காரர் ஒரு வலி மாத்திரை தருகிறார். மூட்டுவலிக்காரர்கள் வாங்குவார்களே, அதுதான். காலையில் ஒன்று போட்டுக்கொண்டு ஏறுவேன். மற்றதை எண்ணவில்லை.

ரத்தத்துக்கும் வைத்தியம் நடக்கிறது. தரையில் நின்று எனக்கு சைகை காட்டுகிற நம் விசில் இருக்கிறானே, அவன் இரும்புச் சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது வாங்கி மிச்சமானது. “அண்ணே, போடுங்க. கொழந்தை கொழுகொழுன்னு பொறந்துச்சு” என்றான். எனக்கு என்ன பிறக்கப்போகிறது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நடக்கிறது, எழுதக் கூசுகிறது: காலைக்கடன் கருப்பாகப் போகிறது. இரும்பு போட்டால் அப்படித்தான் போகும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. பயப்படாதே.

மயக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கம்பிக்கட்டு லேசாக ஆடியது. காற்று. விசில் கீழே இருந்து வாக்கி டாக்கியில் கத்தினான். “அண்ணே! என்னண்ணே பண்றீங்க? தூங்குறீங்களா?” “காத்துடா” என்றேன். “இங்க இலைகூட அசையலையே” என்றான். மேலே காற்று வேறு, கீழே காற்று வேறு. அவனுக்கு என்ன தெரியும்.

அப்பா

பிப்ரவரி 26

அப்பா,

மாத்திரைக்குப் பதில்: எண்ணவில்லை. தண்ணீருக்குப் பதில்: குடிப்பதில்லை. மயக்கத்துக்குப் பதில்: காற்று. காற்று என்பதை நான் நம்பவில்லை. விசில் சித்தப்பாவும் நம்பவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். சிரிக்காமல் பதில் எழுதுங்கள். எந்தக் கருப்பு?

என் மேசையில் கருப்பு மட்டும் பதினோரு அட்டை இருக்கிறது. பச்சையில் ஊறிய கருப்பு உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பச்சை தெரியும். பளபளக்கிற கருப்பு வேறு, கரிக் கருப்பு வேறு. எங்கள் ஆலையின் மருந்தறையில் இருக்கிற நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். இரும்பு மாத்திரை போட்டால் பச்சை கலந்து இருக்குமாம், கெட்டியாகப் போகுமாம். வேறொரு கருப்பு இருக்கிறதாம். தார் மாதிரி மின்னுமாம், ஒட்டுமாம், நாற்றம் குடலைப் பிடுங்குமாம். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற கருப்பு. வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு வரும் என்றார்.

பாருங்கள். பார்த்து எழுதுங்கள். டாக்டரிடம் போங்கள், எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

போகாவிட்டால் உங்கள் சைட் இன்ஜினியரிடம் நானே சொல்லிவிடுவேன். மிரட்டல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மகள்

மார்ச் 5

மகளுக்கு,

இன்று கடுகு என்று கூப்பிட மனம் வரவில்லை.

பெற்ற அப்பனின் கழிவறைக்குள் எட்டிப் பார்த்து நிறம் கேட்கிற மகள் வேறு யாருக்காவது இருக்கிறாளா? நானும் உன் வேலையைப் பற்றி நாலு பேரிடம் பெருமையடித்தவன்தான். அது இப்படி என் தலையிலேயே வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

டாக்டரிடம் போனேன், இருபத்துமூன்றாம் தேதியே. உன் கடிதம் வருவதற்கு முன்னால். குறித்துக்கொள். ரத்தம் ஒன்பது. “ஹார்மோன் ஊசியால கொஞ்சம் குறையும், ஆனா இவ்வளவு சீக்கிரமா இறங்காதே” என்று பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். உடம்பில் இரும்பு குறையவில்லை, இப்போதைக்கு அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். நிறுத்திவிட்டேன். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றார். இல்லை என்றேன். தலைவலி மாத்திரை எல்லாம் ஒரு மாத்திரையா? அடுத்த வாரம் இன்னொரு பரிசோதனைக்கு வரச் சொன்னார். அன்று பதினோராவது மாடிக்கு கான்கிரீட். கிரேன் இல்லாமல் கான்கிரீட் தானாக ஏறுமா? போகவில்லை.

நிறம் கேட்டாயே, எழுதுகிறேன், வைத்துக்கொள். இரும்பை விட்டுப் பத்து நாள் ஆகிறது. இன்னும் கருப்புதான். பச்சை கிச்சை ஒன்றும் இல்லை. ரோடு போடுகிற தார் மாதிரி மின்னுகிறது, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து அறைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு “உள்ள எலி செத்துக் கெடக்கா?” என்று கேட்கிறான். போதுமா? உன் பதினோரு அட்டையோடு பன்னிரண்டாவதாக ஒட்டி வைத்துக்கொள். பழைய இரும்பு மிச்சம் இருந்து இறங்குகிறது, அவ்வளவுதான்.

இன்ஜினியர் விஷயம். இதைக் கவனமாகப் படி. நீ அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே என் சைட் பாஸைப் பிடுங்கிவிடுவார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு நோயாளி என்று கைத்தாங்கலாக வெளியே அனுப்புவார்கள். அப்படி ஒன்று நடந்தால் நீ எனக்கு மகள் இல்லை. தலைவலியோடு எழுதுகிறேன். தலைவலி போன பிறகும் இதையேதான் எழுதுவேன்.

அப்பா

மார்ச் 14

அப்பா,

தலையணைக்கு அடியில் இதை வைக்கச் சொல்லி நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். நான்கு நாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். பேசாத மனிதரோடு பேச எழுத்துதான் வழி. அதை எனக்குக் கற்றுக் கொடுத்ததே நீங்கள்தான்.

ஒன்பதாம் தேதி உணவு இடைவேளையில் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். ‘தார் மாதிரி மின்னுகிறது’ என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மீதியைப் பஸ்ஸில்தான் படித்தேன். ஐந்தாம் தேதி நீங்கள் எழுதியது. நடுவில் நான்கு நாள். அந்த நான்கு நாளும் நீங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தீர்கள்.

தடையை எடுத்துவிட்டு ஒன்பது தடவை கூப்பிட்டேன். வேலை நேரத்தில் உங்கள் எல்லோருடைய போனும் கீழே பெட்டியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன். பிறகு விசில் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் சைகைக்காரர் என்பதால் போன் வைத்துக்கொள்ளலாமே. “சித்தப்பா, அப்பாவுக்கு உள்ள ரத்தம் கசியுது. எப்படியாவது கீழ கொண்டு வாங்க” என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வச்சிடும்மா” என்றார்.

அதற்குப் பிறகு இன்ஜினியரையும் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான். விசில் சித்தப்பா சொல்லி நீங்கள் இறங்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். உங்கள் பிடிவாதத்தின் நிறம் எனக்குத் தெரியும். அதில் ‘கிட்டத்தட்ட’ கிடையாது.

ஆறு புள்ளி எட்டு. ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் எடுத்தபோது அதுதான் இருந்தது. மூன்று பை ரத்தம் ஏற்றிய பிறகும் உங்கள் நகத்துக்கு நிறம் வரவில்லை. நான் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையில் கட்டைவிரல் நகத்தில் லேசாக ரோஜா நிறம் வந்தது. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

மகள் இல்லை என்று எழுதினீர்கள். சரி. மகள் இல்லாமல் போனாலும் அப்பா இருக்கட்டும் என்றுதான் போனை எடுத்தேன். நாளைக்கு எனக்கு வேலை. இரவு பஸ்ஸில் போகிறேன். என் எண்ணில் இப்போது தடை எதுவும் இல்லை. கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம்.

கடுகு

மார்ச் 29

கடுகுக்கு,

பதினைந்து நாளாகப் போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். இதைப் போனில் சொன்னால் நடுவில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அன்றைக்கு நடந்தது. விசில் வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். “அண்ணே, லோடை இறக்கிட்டு கீழ வாங்க.” “ஏன்டா?” “உங்க பொண்ணு பேசுச்சு.” “அவ என்கூட பேசமாட்டா.” “என்கூட பேசிடுச்சு.” நான் வரமாட்டேன் என்றேன். கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிறேன், ஏணியில் ஒரு மஞ்சள் தொப்பி ஏறி வருகிறது. நாலு தட்டு ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள், உயரம் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவன், பத்துத் தட்டும் ஏறி வந்து கேபின் கதவைத் தட்டினான். அவன் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது. “இறங்குங்க. நான் ஒரு படி கீழ வரேன். விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்” என்றான்.

ஒவ்வொரு படியிலும் என் செருப்பு அவன் தொப்பியில் பட்டது. ஆறாவது தட்டில் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. “அண்ணே, பேசுங்க. ஏதாவது ஜோக் சொல்லுங்க” என்றான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன் என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்துப் படியில் வைத்தான், குழந்தைக்கு வைக்கிற மாதிரி.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் இரண்டு புண், ஒன்று கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்து உட்கார்ந்தார். “வலி மாத்திரை எத்தனை போட்டீங்க?” என்றார். நான்கு, சில நாள் ஐந்து என்றேன். இரண்டு மாதமாக. இதைத்தானே உன்னிடம் எண்ணவில்லை என்றேன். எண்ணித்தான் போட்டேன். அவர் திட்டவில்லை. ஊசியால் ரத்தம் பத்து, பதினொன்று வரைக்கும் இறங்கும், அதோடு வாழப் பழகலாம் என்றார். ஒன்பதும் ஏழும் ஊசி செய்ததல்ல, நானே செய்துகொண்டது. தலைவலியும் அப்படித்தானாம். ராத்திரி வியர்த்து வியர்த்துத் தூக்கமில்லை, பகலில் தண்ணீர் இல்லை. போதாததற்குத் தினமும் விழுங்கின மாத்திரையே தலைவலியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுமாம். வீட்டுக்குள் விட்ட திருடனையே காவலுக்கு வைத்திருக்கிறேன்.

சுவரைப் பார்த்துப் படுத்தது உன்மேல் கோபத்தில் என்று நீ நினைத்திருப்பாய். இரண்டு நாள் கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். மூன்றாவது நாள் அது போய்விட்டது. பிறகும் திரும்பவில்லை. வெட்கம். திரும்பினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். பார்த்தால் உனக்கு நிறம் தெரிந்துவிடும்.

போன வாரம் இன்ஜினியர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். “ஐயா, ரத்தம் ஏறட்டும். டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க. உங்க சீட் அப்படியே இருக்கும்” என்றார். பார்த்தாயா? நீ சொன்னதால் என் சீட் போகவில்லை. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“சார், உக்காருங்க” என்றேன்.

உனக்குச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காற்று இல்லை. கம்பிக்கட்டு ஆட்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. என் கை லிவரில் இருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. விசில் கத்தியதும் திரும்பி வந்தேன். நாலு வினாடி இருக்கும். கீழே ஏழு பேர். ஒருவன் குனிந்து சிமென்ட் கலந்துகொண்டிருந்தான், அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் தினசரிச் சோதனைத் தாளில் கயிறு சரி, பிரேக் சரி, கொக்கி சரி, ஓட்டுநர் சரி என்று நாலு கட்டத்திலும் நான்தான் டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

இன்ஜினியர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். “ஏன்யா இதை என்கிட்ட சொன்னீங்க?” என்றார். சொன்ன பிறகு பாஸை நானே கழற்றிக் கொடுத்தேன். பிடுங்கவில்லை, கைத்தாங்கலும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி கொடுத்தேன்.

இப்போது தரையில் இருக்கிறேன். தலை வலிக்கிறது, ஆனால் முன்னைப் போல இல்லை. வலி வந்தால் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர், பிறகு இருட்டறையில் அரை மணி. அதற்கும் கேட்காவிட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. சூடு ஏறும்போது விசிறி. விசிறிக்கொண்டே உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ரத்தம் பத்து. சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடக்கிறேன். பால்காரம்மா என்னை முந்திக்கொண்டு போகிறாள், அவளுக்கு எழுபது வயது. தரையில் இருக்கிறவர்கள் இவ்வளவு வேகமாக நடப்பார்கள் என்று மேலே இருந்து பார்த்தபோது தெரியவில்லை.

அடுத்த ஊசி ஏப்ரல் பதினெட்டு, காலை பத்து மணி. அந்த ஊசியை நிறுத்த முடியாது, இரண்டு வருஷம் போட வேண்டும். அதனால் இந்தத் தொல்லை எல்லாம் கூடவே இருக்கும். எனக்குப் பயம் அதைப் பற்றி இல்லை. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பார். நான் “நல்லா இருக்கேன் சார்” என்பேன். நினைத்துச் சொல்வதில்லை, அதுவாக வந்துவிடும். ஒரு ஜோக்கும் கூடவே வரும், அவரும் சிரித்துவிடுவார்.

லீவு போட்டுவிட்டு வா. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். நான் வாயைத் திறந்ததும் என் காலை ஓங்கி மிதி.

அப்பா